கூழுக்கு இரண்டு இரவுகள்

சென்னையிலும் அதையொட்டிய வடமாவட்டங்களிலும் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் சாலையோர மரநிழலில் வந்து நிற்கும் கூழ் வண்டி, கேழ்வரகிலோ கம்பிலோ செய்த கூழை உண்பவர் கேட்கும் பதத்தில் கரைத்து, அவர் தேர்ந்தெடுக்கும் தொடுகறிகளுடன் நின்றபடியே உண்ணக் கொடுக்கும் மிகச் சிறிய உணவகமாகும். ஈரத்துணி சுற்றிய பானை அல்லது எவர்சில்வர் அண்டா, மோர்க் குடம், வெங்காயமும் மாங்காயும் வற்றல்களும் நிறைந்த கிண்ணங்கள், முகப்பில் செருகிய வேப்பிலைக் கொத்து என அதன் உடைமைகள் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன. அந்த வண்டியின் உழைப்போ விற்பனைக்கு இரண்டு இரவுகள் முன்பே, பெரும்பாலும் பெண்களின் கைகளில், வீட்டு அடுப்படியில் தொடங்கிவிடுகிறது; கூழ்த்தொழிலை அறிய விரும்புவோர் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கேழ்வரகு மாவை நீரில் கரைத்து ஓர் இரவு புளிக்க விடுவது முதற்கட்டம். மறுநாள் மாலையில் நொய் எனப்படும் உடைந்த அரிசியைக் குழைய வேகவைத்து, புளித்த மாவைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றி, நீண்ட மரக்கரண்டியான துடுப்பால் விடாமல் கிண்டுகின்றனர். மாவு இறுக இறுகத் துடுப்பின் கனம் தோளில் ஏறுகிறது. ஒரு நொடி கை தளர்ந்தாலும் அடிபிடித்துவிடும், அவசரப்பட்டு ஊற்றினால் கட்டி தட்டிவிடும். வெந்துவிட்டதா என்பதை நீரில் நனைத்த விரலால் தொட்டுப் பார்க்கின்றனர். மாவு விரலில் ஒட்டாமல் இருந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். பின்னர் அது மூடப்பட்டு இரண்டாம் இரவும் ஆறிப் புளித்து, காலையில் கெட்டிக் களியாக வண்டி ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு கரைத்த மாவு செவ்வாய்க்கிழமை காலையில்தான் காசாகும் என்பதால், நாள்தோறும் விற்பவர் வீட்டில் ஒரு பானை புளித்துக்கொண்டும், ஒரு பானை வெந்துகொண்டும், ஒரு பானை விற்பனையாகிக்கொண்டும் இருக்கும். செவ்வாய்க்கிழமை வெயில் அடிக்குமா, கோடை மழை வந்து விற்பனையைக் கெடுக்குமா என்பதை ஞாயிற்றுக்கிழமையே கணித்து மாவை அளக்க வேண்டியிருப்பது இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி. மீந்த கூழ் அடுத்த நாளைக்கு ஆகாது, அளவுக்கு மேல் புளித்துவிடும்.

கம்பங்கூழின் சிக்கல் வேறுவகையானது. கம்பின் மீது நீர் தெளித்துப் பிசறி, குத்திப் புடைத்துத் தவிட்டை நீக்கி, குருணையாக உடைத்த பின்பே உலையில் இட முடியும். நூறு கிராம் கம்பில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு இருப்பதால், அரைத்து வைத்த மாவு சில நாட்களிலேயே காறல் வாடை அடித்துக் கசக்கத் தொடங்குகிறது. எனவே கைதேர்ந்தவர்கள் கடையில் மாவாக வாங்காமல், தானியமாக வாங்கி அவ்வப்போது உடைத்துக்கொள்கின்றனர்.

வண்டியடியில் நடப்பது கடைசிக் கட்டமாகிய கரைத்தல் மட்டுமே. எனினும் உண்பவரின் விருப்பத்திற்கு இடமளிப்பது அக்கட்டமே. “அக்கா, கெட்டியா கரைங்க” என்று கேட்கும் கட்டடத் தொழிலாளிக்குக் களி கூடுதலாகவும் மோர் குறைவாகவும் சேர்கின்றன. மாலைவரை பசி தாங்க வேண்டிய அவர் கிடைக்கும் வண்டிகளில் நெத்திலிக் கருவாட்டையும் கேட்டு வாங்குகிறார். அலுவலகத்திலிருந்து இறங்கி வருபவர் நீர்க்கக் கரைத்த கூழும் குறைந்த உப்பும் கேட்கிறார். சின்ன வெங்காயம், கீறிய பச்சை மாங்காய், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், சுண்டைக்காய் வற்றல், வடகம், துவையல் ஆகியவற்றில் எதை எவ்வளவு வைப்பது என்பதை வழக்கமாக வருபவர் சொல்லவே வேண்டியதில்லை. அவர் வண்டியை நெருங்கும்போதே விற்பவரின் கை உரிய கிண்ணத்திற்குப் போய்விடுகிறது. கட்டியில்லாமல் கரைப்பதற்கு விரல்களை விஞ்சிய கருவி இல்லை என்று அனுபவசாலிகள் கருதுகின்றனர். ஆயினும் கையுறையும் கரண்டியும் இன்று பரவலாகி வருவது நல்ல மாற்றமே.

உடல்நலம் கருதிக் கூழை நாடுவோர் அறிய வேண்டிய செய்திகள் சில உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. தீட்டிய அரிசியில் உள்ளதைப் போல் இது பன்மடங்கு. ஆனால் தானியங்களில் இயற்கையாக உள்ள ஃபைட்டிக் அமிலம் என்னும் பொருள் கால்சியத்தையும் இரும்பையும் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மாவு புளிக்கும்போது பெருகும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் இந்தத் தடையைக் குறைப்பதோடு, புளிப்பை உண்டாக்கிக் கெடுக்கும் கிருமிகள் பலவற்றின் வளர்ச்சியையும் கட்டுப்படுத்துகின்றன. மாவு புளிக்கும் அந்த இரவைச் சுருக்கி, மாவைக் கொதிக்கவைத்து உடனே மோர் ஊற்றிக் கொடுக்கும் கூழ் பெயரளவில்தான் கூழ். நீரிழிவு உள்ளவர்கள் கூழ் எவ்வளவும் குடிக்கலாம் என்ற பரவலான நம்பிக்கையும் சரியன்று. நைய அரைத்த மாவின் மாச்சத்து முழுத்தானியத்தின் மாச்சத்தைவிட விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையாகக் கலக்கிறது. மோர் மிளகாயும் வற்றலும் உப்பில் ஊறியவை என்பதால், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வெங்காயமும் மாங்காயுமே ஏற்றவை. இவற்றையெல்லாம்விடத் தண்ணீர் முக்கியமானது. கரைத்த பின் கூழ் மீண்டும் கொதிப்பதில்லை. ஆகவே மோருக்கும் கரைப்பதற்கும் ஊற்றும் நீர் தூய்மையாக இல்லையெனில், இரண்டு இரவுகளின் கவனமும் வீணாகிவிடும். கேன் தண்ணீர் வாங்கும் செலவைத் தம் சிறு வருவாயிலிருந்தே ஏற்கும் விற்பனையாளர்களுக்கு, வண்டி நிற்கும் இடத்திற்கு அருகில் ஒரு குடிநீர்க் குழாய் கிடைத்தால் அது பெரிய உதவி.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. தானியத்திற்குக் கிடைத்த இந்த மதிப்பு அதைச் சமைத்துத் தெருவில் விற்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கவும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடங்களை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு அளிக்கவும், அவ்விடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கவும் வழிசெய்கிறது. ஆனால் கூழ் வண்டிகளில் பல பங்குனியில் வந்து ஆடிக்குப் பின் மறைந்துவிடுபவை. பகலில் சில மணி நேரமே நிற்பவை. ஐப்பசி மழையிலோ மாலை நேரத்திலோ தெருவுக்கு வரும் கணக்கெடுப்பாளர் அங்கே காலியான நடைபாதையைத்தான் காண்பார். கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டில் சித்திரை மாத முற்பகல் ஒன்றையும் அதற்கென ஒதுக்கி, துடுப்புப் பிடிக்கும் பெண்ணின் பெயரை விற்பனையாளராகவே பதிவு செய்தால், நின்ற இடத்திலிருந்து விரட்டப்படும்போது காட்டுவதற்கு அவரிடம் ஓர் அடையாள அட்டை இருக்கும்.