உப்பு படிந்தால் செல்லாது

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் அடுத்தடுத்து நிற்கும் தெரு. கடல்மீன் விற்கும் கடைகள் அதில் கொஞ்சம்தான். அப்படி ஒரு கடையின் மேசையில், துணிப்பையிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார் ஒருவர். ஐம்பதைத் தாண்டிய வயது. நீளமான எல்.இ.டி. விளக்கு, கைக்குள் அடங்கும் பம்பு, எட்டாக மடித்த பில்.

“ஒன்பது மாசம்தான் ஆச்சு தம்பி. லைட்டை சர்வீஸ் சென்டர்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. உள்ள உப்பு ஏறியிருக்காம், வாரண்டி செல்லாதாம்.”

கடைக்காரர் இளைஞர். விளக்கை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறார். “மெரைன் டேங்க்னா உப்பு ஏறத்தான் சார் செய்யும்.”

“அதைத்தானே நானும் கேட்டேன்.”

குரல் உயரவில்லை. கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. கடல்நீர்த் தொட்டியில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நீர் சுழன்று குமிழிகள் உடையும்போது, கண்ணுக்குத் தெரியாத துளிகள் மேலே தெறிக்கின்றன. தொட்டிக்குச் சற்று மேலேதான் விளக்கு தொங்குகிறது. அது சூடேறாமல் இருக்க வைத்த விசிறியே அந்த ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. செய்தவர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. போர்டின் மேல் ஈரம் ஏறாத பூச்சை இன்னும் கெட்டியாகக் கொடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, உப்பு ஏறியதை வாங்கியவர் தலையில் கட்டுகிற காகிதத்துக்கு வாரண்டி என்று பெயர் வைக்கக் கூடாது.

பின்னால் ஸ்டூலில் இருக்கும் மெக்கானிக் கை நீட்டி விளக்கை வாங்குகிறார். நாலு ஸ்க்ரூவில் மூன்று கழன்றுவிடுகின்றன. நாலாவதின் தலை துருவேறி மழுங்கியிருக்கிறது. அழுத்திப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்புகிறார். மூடி திறந்ததும் விசிறி இறக்கைகளில் வெள்ளைப் பொருக்கு. அலுமினியத் தகடுகளுக்கு இடையில் அரிசி மாவு மாதிரி படிவு. ஒயர் சொருகும் இடத்தில் பின்கள் பச்சை பூத்திருக்கின்றன. விரல் பட்டதும் ஒன்று முறிந்து விழுகிறது. பழைய டூத் பிரஷை ஐ.பி.ஏ. ஆல்கஹாலில் நனைத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறார்.

“வெள்ளை வந்துடும். ப்ளூ சந்தேகம்தான்.”

அந்த நீலம்தான் பவளத்துக்கு முக்கியம். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி நீல ஒளியை வாங்கித்தான் தனக்கும் பவளத்துக்கும் உணவு தயாரிக்கிறது. ஆனாலும் இருட்டைச் சில நாள் பொறுத்துக்கொள்ளும். நீரோட்டம் நின்றால் அவ்வளவு அவகாசம் கிடையாது. பெரியவரின் கண் பம்பின் மேலேயே இருப்பது அதனால்தான்.

“காலைல எழுந்து பாத்தா நின்னு கிடக்கு. ரெண்டு க்ளவுன் மீனும் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. பையன் போய் பேட்டரி ஏர் பம்பு வாங்கிட்டு வர்ற வரைக்கும் மக்கால தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திட்டிருந்தேன் தம்பி.”

மெக்கானிக் பம்பின் முகப்பைக் கழற்றி, குறட்டால் ரோட்டாரைப் பிடித்து இழுக்கிறார். வரமாட்டேன் என்கிறது. இரண்டு மூன்று முறை ஆட்டியபின், காபிப்பொடி நிறத் துருவோடு வெளியே வருகிறது. காந்தத்தின் மேல் பூசிய எபாக்சியில் நீளவாக்கில் விரிசல். உள்ளே கடல்நீர் புகுந்து, காந்தம் துருப்பிடித்து வீங்கி, குழிக்குள் இறுகிவிட்டது.

“ரோட்டார் மட்டும் கிடைக்குமாப்பா?”

“இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்ல சார். புது பம்புதான்.”

மோட்டாரின் கம்பிச்சுருளில் பழுதில்லை. ஒயரும் அடாப்டரும் நன்றாக இருக்கின்றன. கட்டைவிரல் அளவு துண்டு ஒன்று கிடைக்காததால் மொத்தமும் குப்பைக்குப் போகிறது. பம்பின் ஆறு மாத வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஸ்பேர் விற்காத பம்பை விற்கவே விடக் கூடாது என்பது என் கட்சி.

உப்பு மூட்டை வாங்க வந்து நின்றுகொண்டிருந்த ஒரு பெண் இடையில் பேசுகிறார். “வாரண்டி இல்லைன்னு எழுத்துல குடுத்தாங்களா சார்?”

“வாயால சொன்னாங்கம்மா.”

“மெயில் போட்டு எழுத்துல வாங்கிடுங்க. அப்புறம் 1915-க்கு போன் பண்ணுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன். 2019 சட்டப்படி நம்ம ஊர்லயே கேஸ் போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான்.”

பெரியவர் பில்லைப் பிரிக்கிறார். மெஷின் பில்; வெயிலிலும் வியர்வையிலும் எழுத்து மங்கி, தொகை மட்டும் அரைகுறையாகத் தெரிகிறது. தேதி போய்விட்டது. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் பழைய கணக்கைத் தேடுகிறார். கொஞ்ச நேரத்தில் அகப்படுகிறது.

“கையாலயே டூப்ளிகேட் பில் எழுதி சீல் போட்டுத் தர்றேன் சார். அண்ணே, லைட்டோட சீரியல் நம்பரைப் படிங்க.”

மெக்கானிக் லேபிள் மேல் படிந்த உப்பைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொல்கிறார்.