இருட்டறையில் ஒரு கீற்று வெளிச்சம்

அம்பத்தூரில் ரயில் ஏறினால் திருமுல்லைவாயல், அண்ணனூர், அடுத்தது ஆவடி. எட்டரை மணிக்கெல்லாம் அண்ணன் மகளும் நானும் அங்கே ஒரு பள்ளிக்கூட வாசலில் இருந்தோம். அவள் ஆப்டோமெட்ரி நான்காம் வருஷம். வகுப்புகள் முடிந்து பயிற்சியில் இருக்கிறாள். அன்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கண் டெஸ்ட். “நீங்களே வந்து பாருங்க அத்தை” என்று கூப்பிட்டிருந்தாள்.

சுவரில் அட்டையை மாட்டி, டேப் பிடித்து ஆறு மீட்டர் அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். எழுத்துப் பழகாத குழந்தைகளுக்கு, மூன்று கால் உள்ள ‘E’ வடிவத்தைப் பல பக்கம் திருப்பிப் போட்ட அட்டை, கால் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். பெரிய பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே வரிகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதனால் அவள் கடைசி எழுத்திலிருந்து கேட்டாள்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இரட்டைப் பின்னல். வலது கண்ணால் கடைசி வரி வரை கடகடவென்று சொன்னாள். வலது கண்ணைப் பொத்தியதும் பேச்சு நின்றுவிட்டது. மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும்தான் தெரிகிறது என்றாள். “நல்லாத்தானே படிக்கிறா!” என்று டீச்சர் பதறினார். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றது மங்கல் என்பது குழந்தைக்கே தெரியாது. யாராவது பொத்திப் பார்த்தால்தான் உண்டு.

அண்ணன் மகள் ஜன்னல்களைச் சாத்தினாள். டார்ச் மாதிரியான ரெட்டினோஸ்கோப்பைத் தன் கண்ணோடு வைத்துக்கொண்டு, சிறுமியைத் தூரத்து அட்டையையே பார்க்கச் சொல்லி, ஒரு கை நீளத்தில் உட்கார்ந்தாள். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். கண்மணிக்குள் செம்மஞ்சள் கீற்று ஒன்று. கருவியை அசைத்தால் கீற்றும் அதே பக்கம் நகர்கிறது. அப்படி நகர்ந்தால் பிளஸ், எதிர்ப்பக்கம் ஓடினால் மைனஸ் லென்ஸ். ஒவ்வொன்றாக மாற்றினாள். ஆறு பிளஸ் வைத்ததும் கீற்று ஓடவில்லை. கண்மணி முழுக்க ஒரே நேரத்தில் பளிச்சென்று நிரம்பியது. உட்கார்ந்திருக்கும் தூரத்துக்காக ஒன்றரையைக் கழித்து, இடது கண்ணுக்கு நாலரை என்று எழுதினாள். சிறுமியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏழாவது படிக்கும்போது, ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ என்று போர்டு வைத்த ஒரு கடையில், மெஷின் துப்பிய சீட்டை வைத்தே எனக்குக் கண்ணாடி போட்டார்கள். ஒரு வருஷம் தலைவலியோடு அலைந்தேன். படிக்காமலிருக்கச் சாக்கு என்று வீட்டில் அடி வேறு. மெஷின் கணக்கு ஆரம்பம்தான். அதன் பிறகு ஒரு மனுஷி பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பிளஸ் டூ முடித்து அண்ணன் மகள் இந்தப் படிப்பைச் சொன்னபோது, “கண்ணாடிக் கடை வைக்கப் போறியா?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கண் டாக்டர் மருந்தும் ஆபரேஷனும் பார்ப்பவர். கண்ணாடி செய்து மாட்டுகிறவர் ஆப்டிஷியன். பார்வையை அளந்து, பவர் கண்டு, நோய் இருந்தால் டாக்டரிடம் அனுப்புகிறவர் ஆப்டோமெட்ரிஸ்ட். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. சங்கர நேத்ராலயா 1985இலேயே எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கி நான்கு வருஷப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. இந்தத் தொழிலையும் சேர்த்த மத்தியச் சட்டம் வர 2021 ஆயிற்று. இவ்வளவு தாமதம் நியாயமே இல்லை.

மத்தியானம் சிறுமியின் அம்மா தொழிற்பேட்டைக் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். “கண்ணாடி போட்டா உடனே சரியாயிடுமா மேடம்?”

“உடனே ஆகாதுங்க. இத்தனை நாள் மங்கலாவே பார்த்துப் பழகின கண்ணு, மூளை அதை ஒதுக்கி வெச்சிருக்கு. சொட்டு மருந்து விட்டு இன்னொரு தடவை பவர் பார்க்கணும். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை தினம் கொஞ்ச நேரம் மூடி வெச்சு, இதுக்கு வேலை கொடுக்கச் சொல்வாங்க. சின்ன வயசுங்கறதால கேட்கும். தள்ளிப் போடாதீங்க.”

பூந்தமல்லி ரோட்டில் நூம்பல் அரவிந்த், இல்லையென்றால் 1819லிருந்து இருக்கும் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்த அந்த அம்மா, சாக்பீஸ் கோட்டில் போய் நின்றார். ஒரு கண்ணைப் பொத்தி அட்டையைப் பார்த்தார். பிறகு மறு கண்ணை.