பிடி மணல்

பொறியியல் படிப்பின் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில், கோயம்புத்தூருக்குக் கிழக்கே அரசூர்ப் பக்கத்தில் இருந்த ஒரு வார்ப்படசாலைக்குப் பயிற்சி மாணவனாக நான் போய்ச் சேர்ந்தபோது, என் கையில் ஒரு புதிய நோட்டுப் புத்தகமும், எந்தக் காரியத்தையும் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் அது தானே ஒழுங்காக நடந்துவிடும் என்ற அசையாத நம்பிக்கையும் இருந்தன. 'பவுண்டரி' என்றுதான் அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன். தண்ணீர் பம்பின் வெளிக்கூடு ஒன்று பிறப்பது முதல் பம்போடு சேர்வது வரை எத்தனை கைகள் மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் என்ன நடக்கிறது, அதற்கு என்ன காகிதம் இருக்கிறது, இருக்கும் காகிதம் உண்மையைச் சொல்கிறதா என்று விசாரித்து, ஆவணங்களைத் திருத்தி அமைப்பது எனக்கு இட்ட வேலை.

பம்பு என்பது ஒரே கூரையின்கீழ் உருவாகும் வஸ்து என்று நினைத்திருந்தவனுக்கு முதல் வாரமே அந்த நினைப்புக் கலைந்தது. ஆவாரம்பாளையத்தில் ஒருவர் தேக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்குகிறார். அரசூரில் அதை மணலில் பதித்து இரும்பு வார்க்கிறார்கள். கணபதியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இரண்டு லேத்து வைத்திருக்கும் ஒருவர் அதைக் கடைந்து தருகிறார். செம்புக் கம்பி சுற்றுவது இன்னோரிடம். எல்லாவற்றையும் பூட்டித் தண்ணீர் ஏற்றிப் பார்ப்பது வேறோரிடம். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்து, பஞ்சாலைகளையும் கிணற்று மோட்டார்களையும் இந்த ஊரில் பெருக்கியதும், 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் ஒன்றை இங்கேயே செய்து காட்டியதும் புஸ்தகங்களில் இருக்கிற சங்கதிகள். அந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைகளாகத் தெருவுக்குத் தெரு முளைத்த பட்டறைகளை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பது, 'டி.சி.' என்று எல்லோரும் சொல்லும் ஒரு துண்டு அனுப்புச் சீட்டு. அதில் உருப்படி எத்தனை, எடை எவ்வளவு, வண்டி நம்பர் என்ன என்று மட்டும் இருக்கும். வேறு எதையும் கேட்க அதில் இடம் இல்லை.

பவுண்டரியில் எனக்கு முதலில் காட்டப்பட்ட ஆவணம் மணல் பரிசோதனைப் பதிவேடு. மணலும், பென்டோனைட் என்ற களிமண்ணும், நிலக்கரித் தூளும், தண்ணீரும் சேர்த்துப் பிசைந்ததைத்தான் பெட்டியில் இடித்து அச்செடுக்கிறார்கள். நூற்றுக்கு 3, 4 பங்குக்கு மேல் ஈரம் மிஞ்சினால், உருகிய இரும்பு உள்ளே பாயும்போது நீராவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். குறைந்தால் அச்சின் ஓரம் உதிர்ந்து இரும்போடு மணல் கலக்கும். ஆகையால் ஈரத்தை நாளைக்கு நான்கு தடவை அளந்து எழுத வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் நாற்பது நாட்களுக்கு, நான்கு கட்டங்களிலும், ஒரே பேனாவில், 3.5 என்று எழுதியிருந்தது. அளக்கும் கருவியைக் காட்டும்படி கேட்டேன். ஒரு மரப்பெட்டியில் அது சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மணலோடு கலந்து குலுக்க வேண்டிய கார்பைடு தூள் தீர்ந்து வெகுநாளாயிற்றாம். பொய்க்கணக்கு ஒன்றைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. ஆனால் இந்த நாற்பது நாட்களில் மணலால் கெட்ட வார்ப்பு எத்தனை என்று கணக்கைப் புரட்டினால், விரல்விட்டு எண்ணும்படியாகத்தான் இருந்தது. காகிதம் பொய் சொல்ல, இரும்பு எப்படி உண்மையாக வந்தது?

அதற்கு விடை மேஸ்திரியிடம் இருந்தது. அறுபதை நெருங்கிய மனிதர். காக்கிக் கால்சட்டையின் முழங்கால் இரண்டும் கரி மணலில் ஊறி வேறு நிறமாகிவிட்டிருந்தன. மிக்சரிலிருந்து மணல் கொட்டியதும் அவர் குனிந்து ஒரு பிடி அள்ளுவார். இறுக்கிப் பிடித்து மெதுவாக விரலை விரிப்பார். கையில் கொழுக்கட்டை போல் நிற்கும் அந்த மணற்கட்டியில் அவருடைய விரல்களின் பதிவும், விரல் மடிப்பின் மெல்லிய கோடுகளும்கூடத் தெரிய வேண்டும். உள்ளங்கையில் ஈரமும் ஒட்டக்கூடாது, மணலும் ஒட்டக்கூடாது. பிறகு இரண்டு கைகளாலும் அதை நடுவில் ஒடிப்பார். ஒடிந்த முகம் கத்தியால் வெட்டினது போல இருந்தால், ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவார். ஓரம் பொலபொலவென்று கொட்டினால், மிக்சர் அருகே நிற்கும் ஒடிசா இளைஞனைப் பார்த்து ஒரே ஒரு விரலை உயர்த்துவார். அதற்கு ஒரு மக் தண்ணீர் என்று அர்த்தம். அந்தப் பையனுக்குத் தமிழ் எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஆங்கில விதிமுறைத் தாளும் அவனுக்கு ஒரு காலண்டர்தான். ஆனால் 'ஈரம்', 'காஞ்சது' என்ற இரண்டு சொற்களை அவன் பிறவித் தமிழனைப் போல் உச்சரித்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. பதினான்கு கட்டங்களும் அம்புக்குறிகளும் உள்ள ஒரு படத்தை இரண்டு இரவு கண்விழித்து வரைந்து, அதை மேஸ்திரியிடம் பவ்வியமாக நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தின்மேலும் விரலை வைத்து, அவர் கடைசி வரை படித்தார்.

"அதெல்லாஞ் செரிங்க தம்பி. மண்ணப் புடிச்சுப் பாக்கறது இதுல எங்கீங்க இருக்குது?"

இல்லை. பதினான்கு கட்டங்களில் ஒன்றில்கூட அது இல்லை. அளவு கொடுக்க முடியாத காரியத்தை ஆவணத்தில் சேர்ப்பது அசாஸ்திரீயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜூன் மாதத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் எட்டிப் பார்க்கும் நாட்களில், கணபதி லேத்துப் பட்டறையிலிருந்து கூடுகள் கெட்டிருக்கின்றன என்று சேதி வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். முதலாளியும் தொழிலாளியும் தாமே ஆன அந்த மனிதர், பாதி கடைந்த ஒரு கூட்டை என் மடியில் வைத்து, பளபளக்கும் உட்சுவரில் மிளகு மிளகாக இருந்த ஓட்டைகளைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். மேல்தோல் நன்றாக இருந்தபடியால், இரண்டு பக்கம் கடைந்து மூன்றாவது பக்கத்துக்கு வரும்வரை குற்றம் வெளியே தெரியவில்லை. அப்படி 9 கூடுகள். "இரும்பு அவியளுக்கு ஸ்கிராப்பாத் திரும்பிப் போயிருமுங்க. என்ற கூலி எங்க போகுமுங்க?" என்று அவர் கேட்டதற்கு, என் நோட்டுப் புத்தகத்தில் மட்டுமல்ல, அந்த டி.சி.யிலும் பதில் இல்லை.

மணல்தான் குற்றவாளி என்று ஆபீஸில் முடிவு கட்டினார்கள். மேஸ்திரி வாய் திறக்கவில்லை. வார்த்த நாளைக் கண்டுபிடித்தால் போதுமே என்று நான் தேடினேன். கூடுகளின்மேல் எந்த நாளின் அடையாளமும் இல்லை. லாரி போன தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து, ஒருவாறு ஒரு புதன்கிழமையில் வந்து நின்றேன். அன்று மேஸ்திரி வேலைக்கு வந்திருந்தார், மணலைப் பிடித்தும் பார்த்திருந்தார். அப்புறம்தான் கோர் போடும் கொட்டகைக்குப் போக வேண்டும் என்ற யோசனையே எனக்குத் தோன்றிற்று.

கூட்டின் உள்வெற்றிடம் உண்டாவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணற்கருவே கோர். சோடியம் சிலிக்கேட் கலந்த மணலைப் பெட்டியில் அடைத்து, அதனுள் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் சில விநாடிகளில் கல்லாக இறுகிவிடும். அந்த வேலையை நான்கு பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். மூத்த அக்கா ஒருவர், கோரின் ஓரப் பிசிறை ஓர் உடைந்த ஹாக்சா பிளேடால் சீவிக்கொண்டே பேசினார். சீவிய கோரைத் தட்டில் வைத்தார். அந்தத் தட்டை ஏற்கெனவே இருந்த தட்டுகளின்மேல் அடுக்கினார். மோல்டிங் பக்கத்திலிருந்து ஒருவன் வந்து மேல்தட்டை எடுத்துக்கொண்டு போனான். அடித்தட்டு அங்கேயே இருந்தது.

"அடியில இருக்கறது என்னைக்குச் செஞ்சதுங்க அக்கா?"

"அது போன வெள்ளிக்கிழமைதுங்க தம்பி. மழையில நமுத்துப் போயிருக்கும். வேற இல்லைன்னா அதைத்தான் எடுப்பாங்க. போன மாசங்கூட அப்படித்தான் அள்ளிக்கிட்டுப் போனாங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. ஆரும் கேக்கலீங்களே."

இந்த வகைக் கோர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை நான் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாள் அதை 'நமுத்துப் போகும்' என்று அப்பளத்துக்குச் சொல்லும் வார்த்தையால் சொன்னார். இருவருக்கும் தெரிந்த விஷயந்தான், பதிவேட்டுக்குத்தான் தெரியவில்லை.

பிறகு நான் செய்தது சொற்பம். பதினான்கு கட்டப் படத்தைக் கிழித்துப் போட்டேன். மணல் பதிவேட்டில் 3.5க்குப் பதிலாக, பிடித்துப் பார்த்தவர் பெயர், ஒடிந்த முகம் எப்படி, தண்ணீர் எத்தனை மக் சேர்த்தது என்று மூன்று கட்டங்கள் போட்டேன். கார்பைடு தூளும் வாங்கி வந்து, கையும் கருவியும் ஒன்றை ஒன்று சோதிக்கட்டும் என்று வைத்தோம். சுவரில் ஆங்கிலத் தாளுக்குப் பதில், மேஸ்திரியின் விரித்த கையையும் அதன்மேல் மணற்கட்டியையும் போட்டோ எடுத்து, அடியில் தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் இரண்டிரண்டு வரி எழுதி ஒட்டினோம். பேட்டர்ன்காரர் நாள் எழுத்து பொறித்த சிறு தகட்டைக் கழற்றி மாட்டும்படி அமைத்துத் தந்தார். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்று அந்த அளவுக்கு நீட்டி வைத்த ஸ்கேலை உபயோகிக்கும் அம்மனிதருக்கு, இது ஒரு பொருட்டே அல்ல. அந்த எழுத்தை டி.சி.யிலும் எழுத ஒரு கட்டம் சேர்த்தோம். கோர்த் தட்டுகளை அடுக்காமல் வரிசையாக வைக்க ஒரு ராக்கும், ஒவ்வொரு தட்டிலும் தேதி எழுத ஒரு சாக்பீஸ் பெட்டியும் கொடுத்தோம். லேத்துக்காரரின் 9 கூட்டுக் கூலி மட்டும் நான் இருந்தவரை தீராத வழக்காகவே நின்றது.

கடைசி நாள் விடைபெற்றுக்கொள்ளக் கோர்க் கொட்டகைக்குப் போனபோது, அக்கா சாப்பிடப் போயிருந்தார். ராக்கில் தட்டுகள் வரிசையாக இருந்தன. தேதி எழுதத்தான் நான் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், கோணல் மாணலான எழுத்தில், 'வெயில்', 'வெயில்', 'காத்து', 'மழ' என்று எழுதியிருந்தது.