உயிரிழப்பு: பூஜ்யம்

மணவூர் ஸ்டேஷன் பக்கத்துக் காலனியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில், பரீட்சை முடிந்த வாரம் பாடம் கிடையாது. பிள்ளைகள் செல்போனும் கையுமாக வருவார்கள். நருட்டோ என்றால் ஏழாம் வகுப்புப் பையன்கூட கதை சொல்வான். அன்று கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் வேறொரு தொடரைக் காட்டினான். "அக்கா, இத நம்ம பசங்க யாரும் பாக்கல. நீங்க பாருங்க, நம்ம கத மாதிரியே இருக்கு" என்றான்.

தொடரின் பெயர் '86 எய்ட்டி சிக்ஸ்'. அசாட்டோ அசாட்டோ எழுதிய நாவல் வரிசையைக் கொண்டு 2021இல் வந்த ஜப்பானிய அனிமே. மொத்தம் 23 பகுதிகள். ஒரு வாரம் உட்கார்ந்து சேர்ந்தே பார்த்தோம்.

சான் மக்னோலியா என்றொரு குடியரசு. பேச்சில் சுதந்திரமும் சமத்துவமும். நாடு 85 வட்டாரங்கள். பக்கத்துப் பேரரசின் தானியங்கிப் போர் எந்திரங்கள் படையெடுத்து வந்ததும், வெள்ளி முடிகொண்ட அல்பா இனத்தவர் மற்ற எல்லா இனத்தவரையும் மதிலுக்கு வெளியே தள்ளுகிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர் 86ஆவது வட்டாரம். வரைபடத்தில் அது இல்லை. அங்கே இருப்பவர்கள் சட்டப்படி மனிதர்களும் இல்லை.

போருக்குப் போவது அவர்கள்தான், பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள். அவர்கள் ஓட்டும் வண்டிக்குப் பெயர் ஜக்கர்னாட். பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. அரசாங்கம் அதை 'ஆளில்லா எந்திரம்' என்று அறிவிக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெயர் 'ப்ராசஸர்', அதாவது எந்திரத்தின் ஒரு பாகம். பாகம் உடைந்தால் அது சாவு ஆகாது. அதனால் தலைநகரச் செய்தியில் உயிரிழப்பு பூஜ்யம்.

இந்த இடத்தில் படிப்பகத்தில் ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்தது.

தொடரின் முதல் பாதி 2021 ஜூனில் முடிந்தது. அடுத்த மாதமே, மலம் அள்ளும் தொழிலால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை என்று ஒன்றிய சமூக நீதித் துறை இணை அமைச்சர் மாநிலங்களவையில் பதில் சொன்னார். சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் சுத்தம் செய்யும்போது ஐந்து ஆண்டுகளில் 340 பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்துக்குக் கணக்கு கொடுத்ததும் அதே ஆண்டு, அதே அரசு.

இரண்டு பதிலும் எப்படி ஒன்றாக நிற்கின்றன? 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'மலம் அள்ளுபவர்' என்பது ஒரு வரையறை, சாக்கடைக்குள் இறங்குவது 'ஆபத்தான துப்புரவு' என்று வேறொரு வரையறை. அறிவிக்கப்பட்ட கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்து வேலை வாங்கினால், அவர் 'மலம் அள்ளுபவர்' என்ற கணக்கிலேயே வரமாட்டார். செத்தவரை ஒரு கட்டத்திலிருந்து எடுத்து இன்னொரு கட்டத்தில் வைத்தால் முதல் கட்டத்தில் பூஜ்யம். குடியரசு செய்ததும் இதைத்தான்.

எங்களை அதிகம் உறுத்திய பாத்திரம் லேனா. அல்பா இனத்து இளம் அதிகாரி, நல்லவள். மதிலுக்குள் பத்திரமாக உட்கார்ந்து, குரல் வழியே மட்டும் அந்தப் படையை நடத்துகிறாள். மற்ற அதிகாரிகள்போல் அவர்களைப் பன்றிகள் என்று அவள் பேசுவதில்லை, அவர்களுக்காக வாதாடுகிறாள். ஒரு பெண் சண்டையில் இறந்ததும் லேனா அழுகிறாள். அப்போது ஒரு பையன் வெடிக்கிறான்: எங்கள் பெயரையாவது ஒருநாள் கேட்டாயா? அதுவரை அவள் சங்கேதப் பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாங்களும் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தூய்மைப் பணியாளர் குடும்பங்களைக் கணக்கெடுத்தோம். வீட்டு எண், வருமானம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். கணவரைத் தொட்டிக்குள் பறிகொடுத்த ஒரு அம்மாவின் வீட்டிலும் நிரப்பிவிட்டு எழுந்தோம். "எல்லாம் எழுதினீங்க, எங்க வூட்டுக்காரர் பேரு கேக்கவே இல்லியே" என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லை. 'கணவர் இல்லை' என்று ஒரு டிக் மட்டும். சமூகவியல் படித்து, அம்பேத்கர் படம் மாட்டிய அறையில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் நாங்கள்தான்.

86இன் பிள்ளைகளுக்குக் கல்லறை கிடையாது. அதனால் ஷின் என்கிற தலைவன், இறந்த தோழர்களின் வண்டியிலிருந்து ஒரு தகடு எடுத்துப் பெயர் பொறித்து, போகுமிடமெல்லாம் சுமந்து போகிறான். அந்தக் காட்சியை நாங்கள் இரண்டு முறை பார்த்தோம்.

தொடரோடு எங்களுக்கு ஒரு சண்டையும் உண்டு. ஷினும் தோழர்களும் சாவைப் பெருமையோடு ஏற்றுக்கொள்கிறார்கள். சாகும்போது காட்டும் கண்ணியம் நமக்குப் போதாது. 'எங்களைக் கொல்லாதீர்கள்' என்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் 2022இல் தொடங்கிய இயக்கம் கேட்பது அதற்கு முந்தைய உரிமையை, உயிரோடு வீடு திரும்புவதை.

பெயர் எழுதுவது அதற்கும் உதவும். 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் தர 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் 'தவறி விழுந்தார்' என்று முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டால் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்? அன்றே யாராவது பக்கத்தில் நின்று, 2013 சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

திருத்தணி மலைக்குப் படிகள் 365 என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுநாள் ஊரைக் கூட்டி அள்ளுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இப்போது படிப்பகத்தில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், இறந்த தேதி, எந்தத் தொட்டி, இறங்கச் சொன்னது யார், வழக்கு எந்தப் பிரிவில். முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் கணவர் பெயர். மறுபடி போய்க் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அந்தத் தம்பிதான் எழுதினான்.

தோழர்களே, தொடரைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் உங்கள் ஊரிலும் ஒரு நோட்டு போடுங்கள்.

ஜெய் பீம்.