பேர் போட இடம் விட்ட படங்கள்

தமயந்திக்கு இப்போது ஓய்வே இல்லை. கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் அன்னத்தோடு பேசிக்கொண்டு நிற்கிறாள். பட்டுச்சேலைக் கடையின் துணிப்பையிலும் அவளே. ஊதுபத்தி, குளியல் சோப்பு, பில்டர் காபித்தூள் என்று எந்த டப்பாவைத் திருப்பினாலும் அதே கல்தூண், அதே சிவப்புச் சேலை, அதே அன்னம். ரவிவர்மா 1899இல் தீட்டியபோது அவளுக்கு நளனைப் பற்றிய சேதி ஒன்றுதான் கவலை. இப்போது விற்பனைக் கவலையும் சேர்ந்துவிட்டது.

பழைய காதல் படங்களைத் தேடியெடுத்துப் புதுப் பத்திரிகைக்கும் புதுச் சரக்குக்கும் சூட்டுகிற இந்த மோகத்துக்கு 'விண்டேஜ்' என்று பெயர். எனக்கு அதன்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. நல்ல படம் நாலு பேர் கண்ணில் படுகிறது, படட்டும். ஆனாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் அவளைத் தாண்டிப் போய், எங்கள் ஊர் அச்சாபீஸின் மரத்தட்டில் படுத்துக் கிடந்த இன்னொரு பெண்ணிடம் நிற்கிறது.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவே, கரிசல் மண்ணில், பஜார்த் தெரு என்று ஒன்று இருந்தால் அதில் அச்சாபீஸ் என்று ஒன்று இருந்தே தீரும். டிரெடில் மிஷின், ஈய எழுத்துகள் கிடக்கும் கேஸ்கள், மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. சுவரோரம் இருந்த அகலத் தட்டில் பிளாக்குகளை அடுக்கியிருப்பார்கள். துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த படம். எழுத்தின் உயரத்துக்குச் சரியாக வரும்படி அதை ஒரு மரக்கட்டையின்மேல் ஆணியடித்திருக்கும். பிள்ளையார், குத்துவிளக்கு, பூரணகும்பம், ஜோடிப் புறா. சாமி வேண்டாம் என்று சொல்லும் சுயமரியாதை வீடுகளுக்கு இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் பிளாக். இவற்றோடு, மாலையும் கழுத்துமாகத் தலைகுனிந்து நிற்கும் ஒரு மணப்பெண், பக்கத்தில் தலைப்பாகை வைத்த மாப்பிள்ளை, இருபுறமும் குலை தள்ளிய வாழை.

அந்த மணப்பெண்ணின் இடது தோளில் ஒரு கீறல் உண்டு. எப்போதோ யார் கையிலிருந்தோ பிளாக் தவறி விழுந்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட அத்தனை பெண்களுக்கும் பத்திரிகையில் தோளில் கீறல் இருந்தது. ரைஸ்மில்காரர் மகளுக்கும், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய அக்காவுக்கும் அதே கீறல். சாதி வேறு, சீர் வேறு, மண்டபம் வேறு. படத்தில் நிற்பவள் ஒருத்திதான். அவளுக்கென்று சொந்த முகம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அவள் பொருந்திப் போனாள்.

கொஞ்சம் வசதியுள்ளவர்கள் வண்ணத்துக்குப் போனார்கள். வண்ணம் என்றால் சிவகாசி. ஏஜெண்ட் தடித்த ஆல்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருப்பி, நம்பரைச் சொல்லி ஆர்டர் கொடுப்பார்கள். முகப்பில் படம் மட்டும் அச்சாகி, உள்ளே வெறுமையாக அட்டை வந்து சேரும். நிகழும் மங்களகரமான ஆண்டும், திருவளர்ச்செல்வனும் திருவளர்ச்செல்வியும், தங்கள் நல்வரவை விரும்புகிறவர்களின் நீண்ட பட்டியலும் உள்ளூர் டிரெடிலில் ஏறும். படம் ஊர் ஊராகப் பொது. பேர் மட்டும் நம்முடையது.

சிவகாசிக்கு இந்தத் தொழில் வந்த வழி தெரிந்ததுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பெட்டி வந்தால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம். லேபிள் அடித்த கைகள் பிறகு காலண்டரும் கல்யாண அட்டையும் அடித்தன.

அந்தக் காலண்டர்களுக்கு யார் வரைந்தார்கள் என்று கேட்டால் கோவில்பட்டியைத்தான் கைகாட்ட வேண்டும். சி. கொண்டையராஜு, பிறந்தது 1898. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணர் சந்நிதியில் கொஞ்ச காலம் இருந்தவர், அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். பல படங்களில் குரு பேரும் சீடர் பேரும் சேர்ந்தே கையெழுத்தாக இருக்கும். அதிலும் 'இது என்னுடையது மட்டும்' என்ற பிடிவாதம் இல்லை.

அவர் திரைச்சீலை எழுதியவர் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் காலண்டர் முருகனும் வள்ளியும் தெய்வானையும் எங்கே நிற்கிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பின்னால் மண்டபத் தூண் வரிசை, சுருக்கி மேலே தூக்கிக் கட்டிய பட்டுத்திரை, அதைத் தாண்டி ஒரு தடாகம், தடாகத்தில் தாமரை, தூரத்தில் நீலமலை, அதிலிருந்து விழும் வெள்ளருவி. மழைக்கு ஏங்கிக் கிடக்கும் கரிசல் சீமையில் இத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்தது? நாடகக் கொட்டகையிலிருந்து. அரண்மனை சீன், நந்தவன சீன், காட்டு சீன் என்று சுருட்டி வைத்த திரைகளின் குளிர்ச்சி அப்படியே காலண்டருக்குள் இறங்கி, கல்யாண அட்டைக்கும் வந்துவிட்டது. நளன் வேஷமும் தமயந்தி வேஷமும் முன்னால் நின்று பாடிய அதே நந்தவனத்தில்தான் எங்கள் ஊர் மாப்பிள்ளையும் பெண்ணும் அட்டையில் நின்றார்கள். வெயிலில் கறுத்த சனங்கள் தங்கள் கல்யாணச் சேதியை ஓர் ஏரிக்கரையில் வைத்துச் சொல்லிக்கொண்டார்கள். இதைவிடக் காதல் படம் வேறு என்ன வேண்டும்?

காலண்டருக்கும் அதே முறைதான். மேலே படம், கீழே ஒரு வெற்றுப்பட்டை. ஜவுளிக் கடையோ, பலசரக்குக் கடையோ, நகை அடகுக் கடையோ, அந்தப் பட்டையில் தன் பேரை அடித்துக்கொள்ளும். ஒரே லட்சுமி ஒரே வருஷத்தில் திருநெல்வேலியில் பாத்திரக் கடையையும் திண்டுக்கல்லில் மூக்குப்பொடிக் கடையையும் ஆசீர்வதிப்பாள். டிசம்பர் முடிந்ததும் எங்கள் வீட்டில் கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பட்டையை வெட்டியெறிந்துவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். கண்ணாடிக்குக் காசில்லாத வருஷம் டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டப்படும். கடைக்காரர் காசு போட்டு வாங்கிய படம், கடையின் பேரை உதறிவிட்டு வீட்டில் தங்கிவிடும். கடைக்காரருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் அடுத்த வருஷமும் கொடுத்தார். இன்று ஒரு பிராண்டுக்கு வடிவமைப்பவரிடம் இதைச் சொன்னால் மயக்கம் போட்டு விழுவார்.

ரவிவர்மாவின் பெண்களும் இதே பாதையில் வந்தவர்கள்தான். 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் வைத்தார். பிறகு அது லோணாவளா பக்கம் மளவலிக்குப் போனது. நிறத்துக்கு ஒரு கல்லாகத் தீட்டி, ஒரே தாளைத் திரும்பத் திரும்ப ஏற்றி அடிக்கிற வேலை. கடன் மிஞ்சி, அங்கேயே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் அச்சகம் கைமாறியது. அதற்குப் பிறகு லேபிளிலும் விளம்பரத்திலும் அந்தப் பெண்கள் தாராளமாக இறங்கினார்கள். வினோலியா சோப்புக் காலண்டரில்கூட வந்தார்கள். அதற்கு முன்பே மான்செஸ்டர் ஆலைத் துணிகள் நம் கடைத்தெருவுக்கு வரும்போது, எழுத்து தெரியாதவர்கள் அடையாளம் கண்டு வாங்குவதற்காகப் பளபளப்பான படச்சீட்டு ஒட்டித்தான் வந்தன. ஆக, காதல் படத்தை வைத்துச் சரக்கு விற்பது இன்று பிறந்த தந்திரம் அல்ல. தமயந்தியை விளம்பரத்துக்கு இழுத்துவிட்டார்களே என்று அழுவதற்கு எனக்கு உரிமையில்லை.

பின்னே எதற்கு ஏங்குகிறேன்? அந்த வெற்றுப்பட்டைக்குத்தான். 

இன்றைய பத்திரிகையில் வெற்றிடம் கிடையாது. அக்கா மகள் கல்யாணத்துக்கு வடிவமைக்க வந்த தம்பி கெட்டிக்காரன். அதைச் சொல்லிவிட வேண்டும். பழைய அச்சின் சாயல் வேண்டும் என்று தாளுக்கு மஞ்சள் ஏற்றினான், நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்படி செய்தான், உதட்டுச் சிவப்பை ஒரு மயிரிழை கன்னத்துப் பக்கம் நகர்த்தினான். ரெஜிஸ்டர் விலகி அப்படி ஒரு ஷீட் வந்தால் எங்கள் காலத்து மிஷின்மேன் அதைக் கசக்கி எறிவார். இப்போது அதற்குத் தனிக் கூலி. அதுவரை எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு அவன் தமயந்தியின் கழுத்துக்கு மேலே அக்கா மகளின் முகத்தைப் பொருத்திக் காட்டினான். அன்னம் அதே இடத்தில் நின்று யாரோ ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படம் அழகாகத்தான் இருந்தது. பிள்ளைக்கும் பிடித்திருந்தது. அம்மாதான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்துச் சொன்னாள்: "மண்டபத்துக்கு வந்து எல்லாரும் இவ மூஞ்சியத்தானே பாக்கப் போறாக. அத எதுக்கு அட்டையிலயும் போட்டுக்கிட்டு?"

எனக்குச் சொல்ல வாய் வராததை அவள் சொல்லிவிட்டாள். தன் முகம் போட்ட பத்திரிகை அந்தப் பெண்ணோடு முடிந்து போகும். அடுத்த வீட்டுக்காரி அதிலிருந்து தன் கல்யாணத்தைக் கனவு காண முடியாது. முகமில்லாத அந்த பிளாக்கைப் பார்த்து எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள் தங்கள் பேரை மனசுக்குள் கோத்துப் பார்த்தார்களோ. பள்ளிக்கூட நோட்டின் அட்டைக்குள் அந்தப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தவர்களை எனக்குத் தெரியும். பேரைச் சொல்ல மாட்டேன். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அந்த அச்சாபீஸ் இன்றில்லை. ஆப்செட் வந்ததும் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். பிளாக்குகளின் தகட்டை நெம்பிக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கட்டைகளை அடுப்புக்கு வைத்துக்கொண்டார்கள். தோளில் கீறலோடு அவளும் அப்படித்தான் போயிருப்பாள். அவளை வரைந்தது யார் என்று பிளாக்கில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் அக்கா மகள் பாட்டிக்காக இறங்கி வந்தாள். முகம் மாற்றாமல், காலண்டர் பாணியில் வள்ளி திருமணம் போடலாம் என்று முடிவானது. தம்பி இணையத்திலிருந்து கோவில்பட்டிப் படம் ஒன்றை எடுத்து வந்தான்; கீழ் மூலையில் இருந்த கொண்டையராஜுவின் கையெழுத்தை அழகாக அழித்திருந்தான். எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. ரவிவர்மா 1906இல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் படத்தை யாரும் எடுத்தாளலாம். கொண்டையராஜு மறைந்தது 1976இல். நம் சட்டப்படி ஓவியர் காலமாகி 60 ஆண்டுகள் ஆக வேண்டும். 2036 முடிகிறவரை கேட்காமல் கைவைக்கக் கூடாது. இதை அவனிடம் விளக்கினேன். தாராளமாகத் தலையாட்டிவிட்டு, உயிரோடு இருக்கும் ஓவியர் ஒருவரிடம் புதிதாக எழுதி வாங்கி வந்தான். தடாகம், தூண், திரை எல்லாம் இருந்தது. அருவியும் இருந்தது.

வரைந்தவர் பேரைச் சின்ன எழுத்தில் கீழே போட்டுவிடு என்றேன்.

"போட்டுர்றேன் சார்," என்றான். "யாரு பக்கம் போடணும், பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா?"