முதல் 24 மணி நேரம்

திங்கள்

"கேஸ் போட்டாச்சா இல்லையா, அதைக்கூடச் சொல்ல மாட்டேங்காவ வக்கீலம்மா."

முதல் பஸ்ஸில் வந்து என் வீட்டு வாசலில் காத்திருந்த அம்மா கேட்டது இது. நேற்று சாயங்காலம் மப்டியில் இரண்டு பேர் வந்து, "ஒரு சின்ன விசாரணை, உடனே அனுப்பிருவோம்" என்று சொல்லி, மகனை பைக்கில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். இரவு முழுக்க ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறார். பாராவில் இருந்த ஏட்டையா காலையில் வரச் சொல்லிவிட்டாராம்.

குற்ற வழக்கில் சிக்கியவர்களின் வீட்டார் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் செலவைப் பற்றி. அடுத்து, இன்ஸ்பெக்டரைத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று. இந்த அம்மா கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மகன் இப்போது சட்டப்படி என்ன நிலையில் இருக்கிறான்?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. எண்கள் மாறினாலும் இந்த விஷயத்தில் அடிப்படை மாறவில்லை. சாட்சியாக ஒருவர் வேண்டுமென்றால் பிரிவு 179-ன்படி எழுத்து மூலம் அழைக்க வேண்டும். சந்தேகம் இருக்கிறது, ஆனால் கைது தேவையில்லை என்றால் பிரிவு 35(3)-ன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் நோட்டீஸ்தான் வழக்கமாக இருக்க வேண்டும், கைது அல்ல என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவை போக மிச்சம் இருப்பது கைது. கைது என்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-ஆம் கூறு தரும் உரிமை அது. "விசாரணைக்கு வைத்திருக்கிறோம்" என்று இரவு முழுவதும் ஒருவனை உட்கார வைக்க இவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

ஆபத்து கைதுக் குறிப்பில் எழுதப்படும் நேரத்தில் இருக்கிறது. அதில் இன்று காலை ஆறு மணி என்று எழுதிவிட்டால் நேற்றைய இரவு கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். அதனால்தான் என் சீனியர் காலத்தில் வக்கீல்கள் உடனே தந்தி அடித்தார்கள். தந்தியில் நேரம் பதிவாகும், பின்னால் மாற்ற முடியாது. 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. அந்த அம்மாவை உட்கார வைத்து, எத்தனை மணிக்கு, யார், எந்த வண்டியில், மகன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். எஸ்.பி.க்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பினேன். கைதான தகவலை உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டியது பிரிவு 48-ன்படி போலீஸின் கடமை என்பதையும் அதில் எழுதினேன்.

மதியத்துக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து அந்த அம்மாவுக்குப் போன் வந்தது. திருட்டு வழக்கில் கைது என்றார்கள்.

செவ்வாய்

நேற்று மாலை அந்த அம்மாவின் மகனுக்கு ரிமாண்ட். அதை எழுத நேற்றிரவு தெம்பில்லை.

ரிமாண்ட் என்பது ஒரு சடங்கு என்றே பலர் நினைக்கிறார்கள், சில வக்கீல்கள் உட்பட. கைதானவன் வாயைத் திறந்து பேச அன்றைக்கு அவனுக்குக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது கூட்டிவந்த போலீஸ்காரர் ஓரடி தள்ளித்தான் நிற்பார். பையன் தலையைக் குனிந்து "இல்லை" என்பான். நேற்றும் அதுதான் நடந்தது. நான் குறுக்கிட்டு, போலீஸார் வெளியே நிற்கட்டும் என்று கேட்டேன். மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டார். அதன்பிறகுதான் பையன் உள்ளங்காலைக் காட்டினான். காயம் பதிவாயிற்று, மறுபடி மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவாயிற்று.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஸ்டேஷனுக்கும் சிறைக்கும் நடுவில் ஒரு மருத்துவச் சான்றும் ஒரு ரிமாண்ட் உத்தரவும் இருந்தன. இரண்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. இந்தப் பக்கத்தில் வக்கீல் தொழில் செய்கிற யாரும் அதை மறந்துவிட்டு ரிமாண்டுக்குப் போய் நிற்கக் கூடாது.

பையனின் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. கைதுக்கான காரணங்கள். அதை அவன் படிக்கவே இல்லை. "கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன் அக்கா." அந்தத் தாளின் மதிப்பு அவனுக்குத் தெரியாது. கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எந்தக் குற்றமானாலும் காரணங்களை எழுத்தில் தர வேண்டும், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே எழுதித் தர முடியாத நிலைமை என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தாளைக் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் அதைப் படித்துவிட்டு வாதாடத்தான் அந்த இரண்டு மணி நேரம்.

புதன்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடுங்கும் கையோடு வந்தார். சி.பி.ஐ. அதிகாரி என்று ஒருவன் வீடியோ காலில் வந்து, உங்கள் ஆதாரில் போதைப் பார்சல் போயிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றானாம். பணம் அனுப்பும் முன் மருமகள் கதவைத் தட்டியதால் தப்பித்தார். இந்திய நாட்டில் எந்தச் சட்டத்திலும் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. பிரிவு 35 நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

அவர் திரும்பத் திரும்பக் கேட்டது, "நான் ஒரு தப்பும் செய்யலையே, என்னை எப்படிம்மா?" நிரபராதிக்கு வக்கீல் தேவையில்லை என்று நம்பி வாழ்ந்த தலைமுறை. அந்த நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

வியாழன்

கோயில் கொடையில் மேளத்துக்கு முன்னால் ஆடுவதில் தகராறு. இரு தரப்பும் புகார், இரு தரப்பிலும் எஃப்.ஐ.ஆர். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ல் வழக்கமான பிரிவுகள்: 296(பி), 115(2), 118(1), 351(3). பழைய ஆட்கள் இன்னும் 294(பி), 323, 324, 506(2) என்றுதான் சொல்கிறார்கள். ஏழாவது எதிரியாகச் சேர்க்கப்பட்ட பையன் போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். தகப்பனார் கேட்டார்: "ஊர்ல பேசி ராசி ஆயிட்டோம். சாட்சி சொல்ல யாரும் வர மாட்டாங்க. கேஸ் தன்னால போயிரும்லா?"

வழக்கு போய்விடும். ஆனால் பையனின் வேலையையும் அது கொண்டு போகும். தமிழ்நாடு காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனில் வந்த விடுதலையும், புகார்தாரர் பல்டி அடித்ததால் வந்த விடுதலையும் வழக்கில் தொடர்புடையவர் என்றே கணக்கிடப்படும். ஊரில் எல்லோருக்கும் சுலபமாகத் தெரிகிற வழியே இந்தப் பையனுக்குக் கதவை அடைக்கிறது. 115(2) போன்ற சில பிரிவுகளை நீதிமன்றத்திலேயே சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எல்லாப் பிரிவுக்கும் அது கிடையாது. அப்படிப்பட்டவற்றுக்குச் சமாதானப் பத்திரத்தோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 528-ன்கீழ் வழக்கையே ரத்து செய்யக் கேட்க வேண்டும். சம்பவ இடத்தில் பையன் இருந்தானா என்பதே சந்தேகமாக இருக்கும்போது, அந்த மனுவை அவனுக்குத் தனியாகப் போடுவதுதான் நல்லது. தகப்பனாரிடம் அதைச் சொன்னேன்.

பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "விண்ணப்பத்துல வழக்கு இருக்கான்னு ஒரு கட்டம் இருக்கு. இல்லைன்னு போட்டுறவா அக்கா?" போடாதே என்றேன். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விரிவாகப் பேசியது. சின்ன வழக்கை உள்ளபடி சொன்னவரை அதிகாரிகள் பரிசீலிக்க முடியும். மறைத்தவருக்கு மறைத்ததே தனிக் குற்றச்சாட்டாக நிற்கும்.

பாஸ்போர்ட் பற்றியும் கேட்டார்கள். வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பதே பாஸ்போர்ட்டை மறுக்கப் போதாது என்று நம் உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்ட பிறகு நீதிமன்ற அனுமதி வேண்டும்.

வெள்ளி

ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருக்கிற ஒரு கொத்தனாரின் மனைவி வந்தார். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். ஆதார், வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று என்று அவர் அலையாத இடமில்லை. சொந்த வீடு உள்ள சொந்தக்காரர்கள் யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. நீதிமன்ற வாசலில் ஒருவர், காசு கொடுத்தால் ஆள் ஏற்பாடு செய்வதாகச் சொன்னாராம். அப்படி வருகிற போலி ஜாமீன்தாரரால் இன்னொரு வழக்கு முளைக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொன்னேன்.

மோதி ராம் வழக்கு நினைவுக்கு வந்தது. 1978. அவரும் கொத்தனார்தான். மத்தியப் பிரதேசத்தில் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். சகோதரர் வந்து நின்றபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் ஏழைக்கு ஜாமீன் உத்தரவு கிடைப்பது ஒன்று, சிறைக் கதவு திறப்பது வேறொன்றாகவே இருக்கிறது. இது எனக்கு ஆறாத கோபம். உத்தரவு வந்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதைச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் வீட்டார் கையில் இருக்க வேண்டும். ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாளுக்குள், பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள கனத்த குற்றமென்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு வையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

சனி

ஒரு கிராமத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம். நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்கள். பேசி முடித்தபின் தனியாக வந்து கேட்ட கேள்விகள்தான் கனமானவை.

"அவரைக் காணோம்னு என்னைக் கூட்டிட்டுப் போலாமா?" கூடாது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரைப் பிடித்து வைப்பது சட்டவிரோதம். சாட்சியாக விசாரிப்பதென்றாலும் பெண்களையும், 15 வயதுக்குக் கீழே 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்களையும் அவர்கள் இருக்கும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். விதிவிலக்கான சூழலைத் தவிர, சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்வதானாலும் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும்.

"வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாவ." இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடவே கூடாது என்கிறது பிரிவு 181. ஸ்டேஷனில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதில் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டுமே ஏற்கப்படும். ஆனால் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று மறுநாள் பத்திரிகைகள் பெயரும் படமும் போட்டு எழுதுகின்றன. நீதிமன்றம் தூக்கிப் போடும் ஒரு தாளை ஊர் முழுக்க நம்பவைப்பது பெரிய அநியாயம். இதைப் பத்திரிகைக்காரர்கள் நிறுத்த வேண்டும்.

ஒரு சிறு பெண் கேட்டாள்: "உண்மையைச் சொல்லிட்டா விட்டுருவாங்களா?" தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசியல் சாசனம். பெயர், முகவரி சொல்லலாம். குற்றத்தைப் பற்றிய கேள்விக்கு, வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பது எதிர்ப்பாகாது, ஒளிப்பதும் ஆகாது. விசாரணை முழுக்க வக்கீல் கூட இருக்க முடியாவிட்டாலும், இடையில் சந்திக்க பிரிவு 38 உரிமை தருகிறது.

ஞாயிறு

கூட்டத்தின் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் நேற்றுக் கேட்டது இன்றும் மனதில் இருக்கிறது. "செஞ்சவனுக்கு எதுக்கும்மா வக்கீல்?" செய்தானா என்பதைத் தீர்மானிக்கத்தான் வழக்கு. முதல் நாளிலேயே அதைத் தீர்மானித்துவிட்டால் நீதிமன்றத்துக்கு வேலையில்லை, லத்திக்குத்தான் வேலை என்றேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை, ஆனால் கடைசிவரை இருந்து கேட்டார்.

படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் யாரையாவது போலீஸ் கூட்டிப் போனால், அவன் நல்லவனா கெட்டவனா என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, நேரத்தைக் குறித்து அவன் வீட்டாரிடம் கொடுங்கள். அவர்களிடம் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணைக் கொடுங்கள். அது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். காவலில் இருப்பவர் எவ்வளவு வருமானம் உள்ளவராக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. முதல் ரிமாண்ட் அன்றே உண்டு.