அமெரிக்காவில் அம்மானை!

அம்மானை என்ற சொல்லை இப்போதெல்லாம் பாடப் புத்தகத்தில்தான் பார்க்க முடிகிறது. என் சிறு வயதில் அது எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. மூன்று கழற்சிக்காய்களை ஒன்று மாற்றி ஒன்றாக மேலே வீசி, கீழே விடாமல் பிடிக்கவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. 'காய் வீசறது' என்போம்.

எங்கள் ஊர் கம்மாபுரம். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற சாலையில் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் அவர் தூங்கும்போது, நானும் தம்பியும் சத்தம் போடாமல் இருக்கவேண்டுமே! அதற்காகத்தான் ஆயா எனக்குக் காய் வீசக் கற்றுக் கொடுத்தாள். கழற்சிக்காய் உள்ளங்கையில் விழுந்தால் சத்தம் வராது. சிமெண்டுத் தரையில் விழுந்தால் 'டொக்'கென்று கேட்கும். கேட்டால் தலையில் ஒரு குட்டு விழும். "கையி என்ன வாழப்பழமா? இறுக்கிப் புடிடி!" என்பாள். பத்து வயதில் நான் நூறு எண்ணும் வரை விடாமல் வீசுவேன்.

2016-ல் கல்யாணமாகி அமெரிக்கா போனேன். என் கணவருக்குப் பாஸ்டன் நகரத்தின் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. புறப்படும்போது ஆயா மூன்று காய்களை மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியில் வைத்தாள். விதைகளை அந்த நாட்டுக்குள் சும்மா கொண்டுபோக முடியாது, கேள்வி கேட்பார்கள் என்று அவர் சொல்ல, சென்னை விமான நிலையத்திலேயே அப்பாவிடம் முடிச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. விமானம் கிளம்பிய பிறகுதான் அழுகை வந்தது.

எச்-4 விசா என்பதைப் பற்றி நம் சகோதரிகள் பலருக்குத் தெரிந்திருக்கும். வேலை பார்க்கிறவரின் மனைவி என்ற முறையில் போகலாம், இருக்கலாம், படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. 2015 மே மாதத்திலிருந்து, கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆக்கினார்கள். எங்கள் மனு அந்தக் கட்டத்துக்கு வர ஐந்து வருஷம் ஆயிற்று. பி.எஸ்ஸி. கணிதம் முதல் வகுப்பில் தேறியவள், காலை எட்டு மணிக்கு அவரை அனுப்பிவிட்டுச் சாயங்காலம் ஆறரை வரை என்ன செய்வது? துவைக்க மிஷின், கழுவ மிஷின். வாசல் தெளிக்க வாசல் இல்லை. பேச ஆள் இல்லை. எலுமிச்சம்பழங்களை எடுத்து வீச ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று கலர் பந்துகளை வீசிக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்தவர், பஸ் டிரைவர், கல்லூரிப் பையன், நடுத்தர வயதுப் பெண்மணி எல்லாரும் இருந்தார்கள். நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு பெரியவர் ஒருவர் மூன்று பந்துகளை நீட்டினார். சல்வாருக்கு மேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றிவிட்டு வீசினேன். வட்டம் அப்படியே நின்றுவிட்டது!

விஷயம் என்னவென்றால், ஆயா கற்றுக் கொடுத்த முறையில் வலக்கை மட்டுமே மேலே வீசும். இடக்கை பிடித்து, குறுக்கே வலக்கைக்குத் தள்ளிவிடும். காய்கள் சக்கரம் மாதிரி ஒரே திசையில் சுற்றும். அமெரிக்கர்கள் முதலில் கற்றுக்கொள்வது வேறு மாதிரி. இரண்டு கையும் மாறி மாறி வீச, பந்துகள் நடுவில் ஒன்றையொன்று தாண்டிப் படுத்த எட்டுப் போலப் போகும். அதுதான் சுலபம். சக்கர முறை கஷ்டமானது, மெதுவாகப் பிறகு பழகுவார்களாம். "யாரிடம் கற்றுக்கொண்டாய், எந்த சர்க்கஸ்?" என்று கேட்டார்கள். "என் பாட்டியிடம், வீட்டுத் திண்ணையில்" என்றேன். அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்! அங்கே இது பெரும்பாலும் ஆண்பிள்ளை வித்தை, சர்க்கஸ் வித்தை.

நம்மிடமோ இது பெண்களின் சொத்து. சிலப்பதிகாரத்தில் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவம்மானை பாடியிருக்கிறார். பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானை என்றே ஒரு பருவம் உண்டு. பசிபிக் கடலில் டோங்கா என்ற தீவிலும் இது காலங்காலமாகப் பெண் பிள்ளைகளின் விளையாட்டுதான். 'ஹிகோ' என்பார்களாம். இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டாள்.

அமெரிக்கர்களிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. பந்து கீழே விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை. எடுத்துக்கொண்டு மறுபடி வீசுகிறார்கள். ஐம்பது வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அவர்கள் வெட்கப்படுவதே இல்லை. நம் ஊரில் ஐம்பது வயதுப் பெண் பந்து வீசினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்! எதை எடுத்தாலும் அதற்கு ஒரு சங்கம், வருஷத்துக்கு ஒரு மாநாடு, சட்டையில் ஒரு சின்னம் வேறு. பந்து வீசுகிறவர்களுக்கு 1947-லிருந்து சங்கம் இருக்கிறது. எம்.ஐ.டி. என்ற பிரசித்தி பெற்ற கல்விக்கூடத்தில் 1975-ல் தொடங்கிய பந்து வீசும் குழு இருக்கிறது. வெளியாரும் போகலாம், காசு கிடையாது. கணவரோடு நானும் ஒரு முறை போய் வந்தேன். அங்கே பேராசிரியராக இருந்த கிளாட் ஷானன், இன்றைய கம்ப்யூட்டர் யுகத்துக்கே அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டாம். பந்து காற்றில் இருக்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை காலியாக இருக்கும் நேரம் இவற்றை, பந்துகள் எத்தனை, கைகள் எத்தனை என்பதோடு இணைத்து ஒரு சூத்திரமே எழுதியிருக்கிறார். கணிதம் படித்தவளாயிற்றே, வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 'கை காலியாக இருக்கும் நேரம்' என்பதையும் ஒரு பெரிய மனிதர் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஏனோ ஒரு திருப்தி.

பிடிக்காத குணமும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டு, மணி அடித்த மாதிரி அவரவர் காரில் ஏறிப் போய்விடுவார்கள். 'சாப்பிட்டாயா' என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஜுரத்தில் மூன்று வாரம் நான் போகவில்லை. நான்காம் வாரம் போனபோது, "உன்னைப் பார்த்ததில் சந்தோஷம்" என்றார்கள். எங்கே போயிருந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவதாகுமாம்!

குளிர்காலத்தில் பூங்காவில் பனி. வீட்டுக்குள்தான் பயிற்சி. மரத்தரை வேறு. ஒரு நாள் கதவிடுக்கில் ஒரு கடிதம். கீழ்வீட்டு மூதாட்டி எழுதியது. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை தான் படுப்பதாகவும், மேலே ஏதோ விழுந்துகொண்டே இருப்பதாகவும், தயவுசெய்து கவனிக்கும்படியும் எழுதியிருந்தார். ஒரே படி இறங்கினால் வீடு, நேரில் சொல்லக்கூடாதா? எனக்கு அப்பாவின் பகல் தூக்கம் ஞாபகம் வந்தது. ரஜாயை நாலாக மடித்துத் தரையில் போட்டேன். தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துத் தட்டு வாசலில் இருந்தது, பளபளவென்று கழுவி, நன்றி அட்டை ஒன்றோடு. காலித் தட்டு! நம் ஊரில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கமாட்டார்களா? ரொம்ப நாள் மனத்தில் குறையாகவே இருந்தது.

2020 வந்தது. மார்ச் மாதத்திலிருந்து விமானம் நின்றது. ஜூனில், எங்களைப் போன்றவர்கள் வெளியே போனால் புது விசாவில் திரும்ப முடியாது என்ற உத்தரவும் வந்தது. ஆகஸ்டில் ஆயா போய்விட்டாள். கொரோனா இல்லை, வயசுதான். தம்பி செல்போனைப் பிடித்துக்கொள்ள, பாஸ்டனில் நடுராத்திரியில் உட்கார்ந்து கம்மாபுரத்துச் சாவைப் பார்த்தேன். நடுநடுவே படம் நின்று நின்று போயிற்று. "அழாதே, உடம்புக்கு ஆகாது" என்று என் கணவர் சொல்லிவிட்டுத் தானும் அழுதார். பத்து நாள் நான் பந்தைத் தொடவில்லை.

பதினோராம் நாள் கதவிடுக்கில் இன்னொரு கடிதம். கீழ்வீட்டு மூதாட்டிதான். "பல நாட்களாக மேலே சத்தமே இல்லை. நீ நன்றாக இருக்கிறாயா?" என்று எழுதி, தொலைபேசி எண்ணும் போட்டிருந்தார். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நாளை பன்னிரண்டு மணிக்கு வீசு. நான் தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். மறுநாள் ரஜாயை எடுத்துவிட்டு, ஆயா சொன்னபடி நூறு எண்ணி வீசினேன். அன்று வேண்டுமென்றே ஒன்றைக் கீழே விட்டேன். தரைக்குக் கீழிருந்து, கைத்தடியால்தான் இருக்கவேண்டும், 'டொக்'கென்று பதில் வந்தது.

2021-ல் வேலை அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னாலேயே ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்குக் காய் வீசிக் காட்டக் கூப்பிடுவார்கள். காசு கொடுக்க வந்தால் வாங்கமாட்டேன், தொண்டராகத்தான் போனேன். இப்போது வாரத்தில் நாலு நாள் கணக்கு ஆபீஸ், சனிக்கிழமை நூலகம். ராமசாமி கதையைச் சொல்லாமல் அங்கே நான் பந்தைத் தொடுவதில்லை. 'ராமோ சாமி' என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய அவர், பெயரைப் பார்த்தால் ராமசாமிதான், இருநூறு வருஷத்துக்கு முன்னே இந்தியாவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்தில் பித்தளைப் பந்து வீசியும் வாள் விழுங்கியும் பேர் வாங்கினார். 1819-ல் அமெரிக்காவுக்கும் போனார். ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்திய வித்தைக்காரர்களைப் பார்த்துவிட்டு, தான் எழுதியது எதுவும் இந்த நேர்த்திக்கு ஈடில்லையே என்று வெட்கப்பட்டு 1821-ல் கட்டுரையே எழுதினார். அப்பேர்ப்பட்ட ராமசாமி 1850-ல் லண்டனில் இறந்தபோது அடக்கம் செய்யப் பணமில்லாமல், அவர் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்டாள். கதையின் இந்தப் பகுதியைக் குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. காசு விஷயம் பேசும்போது என் கணவரிடம் மட்டும் சொல்வேன்.

சகோதரிகளே, இதை நீங்களும் செய்து பார்க்கலாம். 2004-ல் ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. பன்னிரண்டு பேர் மூன்று மாதம் மூன்று பந்து வீசப் பழகிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். அசைவதைக் கண்ணால் பின்தொடர உதவும் மூளைப் பகுதி கொஞ்சம் பருத்திருந்ததாம். மூன்று மாதம் விட்டுவிட்டதும் அது குறைந்தும் போயிற்றாம். 2008-ல் அறுபது வயதுக்காரர்களிடமும் இதே மாதிரி மாற்றத்தைப் பார்த்தார்கள். என்னைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மரத்துப்போகும் கழுத்துக்கும் தோளுக்கும் பத்து நிமிஷ வீச்சு நல்ல மருந்து.

ரவிக்கைத் துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில் மூன்று பை தைத்து, துவரம்பருப்போ பயறோ போட்டு மூட்டுங்கள். ஒவ்வொன்றும் நூறு கிராம் இருந்தால் போதும். உருண்டு ஓடாது. கட்டில் பக்கமாக நின்று வீசுங்கள். விழுந்தாலும் மெத்தையில் விழும், குனிய வேண்டாம். முழங்கை இடுப்போடு இருக்கட்டும். முதல் நாள் ஒரே ஒரு பை, கண் உயரத்துக்கு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு. அடுத்து இரண்டு. முதல் பை உச்சியைத் தொடும்போது இரண்டாவதை விடவேண்டும், முந்தக்கூடாது. கையைப் பார்க்காதீர்கள், உச்சியைப் பாருங்கள். மூன்றாவது பை தானாக வரும். முதுகுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொல்லை வேலியில் இருந்த கழற்சிக் கொடியை எப்போதோ வெட்டிவிட்டார்கள். ஆயாவின் தங்கை, சின்னாயா, எழுபத்தெட்டு வயசு, மூன்று எலுமிச்சம்பழத்தை வாங்கி உட்கார்ந்தபடியே வீசினாள், எனக்கு மூச்சே நின்றுவிட்டது! இருபது எண்ணியதும் ஒன்று கை தவறி உரல் பக்கம் உருண்டது.

"சின்னாயா, அடுத்த தடவ அமெரிக்காவுலேருந்து ஒனக்கு என்னா வாங்கியாரட்டும்?" என்று கேட்டேன்.

"கீழ வுழுந்தா எடுத்துக் குடுக்க ஒரு ஆளு இருந்தா கூட்டியா" என்றாள்.